அச்சேறாத செய்திக்கு ஒரு வாசகர்

ஆம்பூரில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்த காலத்தில், என் காலைப்பொழுது ஒரே மனிதரின் வாட்ஸ்அப் செய்தியோடுதான் விடியும். அவர் மாவட்டக் காவல்துறையின் உளவுப் பிரிவில் இருந்தார். அவரைக் காக்கிச் சட்டையில் நான் பார்த்ததே இல்லை. அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தெரியாதவர்கள் கணக்கு வாத்தியார் என்றுதான் நினைப்பார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் நிருபர்கள் எல்லோரையும் சேர்த்து அவர் ஒரு குழு வைத்திருந்தார். நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தது, குட்கா மூட்டை பிடிபட்டது, ஏரியில் யாரோ மூழ்கியது, எல்லாம் அதில் வந்துவிடும். பெயர், வயது, ஊர், காரணம் என்று அவரே வரிசையாகப் போட்டிருப்பார். நாங்கள் கடைசியில் ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்று சேர்த்து வேலூர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவோம். சம்பவம் நடந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிருந்தது.

அவர் நல்லவர் என்றுதான் எல்லோரும் நம்பினோம். என் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தபோது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர்தான். ஒரு நிருபரின் மகள் பிளஸ் டூவில் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள், இன்னொருவரின் தம்பி பெங்களூரில் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சந்திக்கும்போது மறக்காமல் விசாரிப்பார். அதை நாங்கள் அக்கறை என்று எடுத்துக்கொண்டோம். இவ்வளவும் இவருக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் செய்தி சேகரிக்கிறவர்கள் நாங்கள்தான்.

ஒரு நாள் குழுவில் ஒரு பெண்ணின் சாவு வந்தது. பேரணாம்பட்டு சாலையில் உள்ள கிராமம். ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர் வாழ்க்கையில் வெறுப்படைந்து தற்கொலை. மூன்று வரி. எல்லாப் பத்திரிகையிலும் மறுநாள் அதே மூன்று வரி வந்தது. எங்கள் மாவட்டப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்த வயிற்று வலி பழக்கமானது. பெண்கள் அப்படிச் சாகும்போது காரணம் அநேகமாக அதுதான். அந்த வலிக்கு என்ன பெயர், எந்த டாக்டர் பார்த்தார் என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. நான் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். அது அப்படியே போயிருக்கும், செல்போன் கடை பாய் என்னைக் கூப்பிட்டிருக்காவிட்டால்.

அவர் கடை பஜார் தெருவில், மசூதிக்குப் போகிற சந்தின் முனையில் இருந்தது. ஆம்பூரில் பாதிப் பேர் உடைந்த போனை அவரிடம்தான் கொடுப்பார்கள். தண்ணீரில் விழுந்தது, லாரி ஏறினது என்று எதைக் கொண்டுபோனாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார். கம்பெனி வேனிலிருந்து இறங்குகிற பெண்கள் காலையில் போனைக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்வார்கள். அவர் கண்ணியமானவர், போனில் இருக்கிற படங்களைப் பார்க்க மாட்டார் என்று பெண்களிடம் பேர் இருந்தது. என்னையும் அவரையும் தோஸ்த் என்று சொல்ல முடியாது. ஆனால் சார்ஜர் பின் பழுதானபோதெல்லாம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன்.

கொஞ்ச நாளாக அவரிடம் சிரிப்பு கம்மியாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வரச் சொன்னார். போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் போனை வாங்கி அணைத்தார். அவருடையதையும் அணைத்தார். இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, பின்னறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சார், நான் ஒரு விஷயம் சொல்றேன். நீங்க எழுதணும். என் பேரு போட்டே எழுதுங்க” என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் அந்த உளவுப் பிரிவு அதிகாரி கடைக்கு வந்திருக்கிறார். எங்களோடு பேசுவது போலத்தான் அவரோடும் பேசினார். உன் கடையில் சிம் கார்டு வாங்கிய ஒருவன் பெரிய வழக்கு ஒன்றில் சிக்கியிருக்கிறான், அடையாள அட்டை போலி, டெல்லியிலிருந்து ஆட்கள் வந்தால் முதலில் உன்னைத்தான் தூக்குவார்கள், என்னால் முடிந்தவரை பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தச் சிம் யாருக்கு விற்றது என்று பாய்க்கு நினைவில்லை. அப்படி ஒன்று நிஜமாகவே இருந்ததா என்றும் இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் அவர் மாதிரி ஒருவரிடம் ‘டெல்லி’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். மேற்கொண்டு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சில வாரம் கழித்து அதிகாரி மறுபடி வந்தார். வெளியூரிலிருந்து சிலர் வந்து கம்பெனிப் பெண்களைத் தூண்டிவிடுகிறார்கள், நாட்டுக்கு ஆகாத வேலை, பெண்களின் போன் ரிப்பேருக்கு வந்தால் அதில் என்ன குழு இருக்கிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பு என்றார். பாய் அனுப்பினார். டிஸ்பிளே மாற்றுகிறவரிடம் லாக்கைத் திறந்துதானே கொடுக்க வேண்டும். பெண்கள் திறந்து கொடுத்தார்கள்.

அந்தப் போன்களில் ஒன்றில், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவுப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஒரு குழு இருந்தது. சூப்பர்வைசர் ஒருவன் வாய்க்கு வந்தபடி பேசுகிறான், கக்கூஸ் போனால் நேரம் பார்க்கிறான், எல்லோரும் ஒன்றாக வேலூர் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. பாய் அந்தக் குழுவில் இருந்தவர்களின் பெயர்களைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த வாரமே பட்டியலில் பெயர் இருந்த பெண்கள் காலையில் கம்பெனி கேட்டில் நிறுத்தப்பட்டு, இனி வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

“அப்பகூட நான் புரிஞ்சிக்கல சார். ஏதோ கவர்மென்ட் விஷயம்னு நெனச்சேன். அப்பறம் கம்பெனி மேனேஜர் ஒருத்தரு கடைக்கு வந்தாரு. ஸ்கிரீன் கார்டு போடக் குடுத்துட்டு, ‘சார் சொன்னாரு, நீங்க நம்ம ஆளுன்னு’ அப்படின்னாரு. நான் காசுகூட வாங்காம அனுப்பிட்டேன்.”

பாய் அதோடு முடிக்கவில்லை. அந்தக் குழுவில் முதலில் பேச்சை எடுத்த ஒரு பெண்ணை மட்டும் கம்பெனி வேலையைவிட்டு நிறுத்தவில்லை. அவள்தான் எல்லோரையும் காட்டிக்கொடுத்தாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சில மாதத்தில் அவள் இறந்துபோனாள். வயிற்று வலி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மூன்று வரியும் நினைவுக்கு வந்தன.

அவளை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அவளிடம் இருந்தது பட்டன் போன். வாட்ஸ்அப் கணவரின் போனில்தான். அதனால் குழுவில் அவள் எண் கணவரின் பெயரில் இருந்தது. பட்டியலைப் பார்த்தவர்கள் அது யாரோ ஒரு ஆம்பளை என்று விட்டுவிட்டார்கள்.

அன்று கடையிலிருந்து வெளியே வந்து என் போனை மறுபடி உயிர்ப்பித்தபோது, அதைக் கையில் வைத்திருக்கவே என்னவோ போல் இருந்தது.

சொன்னதை அப்படியே எழுத முடியாது. வேலையிழந்த பெண்களில் ஒருத்தியை மாதனூர் பக்கம் தேடிப் பிடித்தேன். வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பாய் படம் எடுத்தது அவளுடைய போனிலிருந்துதான். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. தானே வந்து சொல்கிறேன் என்று பாய் கேட்டுக்கொண்டிருந்தார். குழுவில் யார் யார் இருந்தார்கள், யார் யாரை நிறுத்தினார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரு ஆள் தவிர எல்லாம் பொருந்திவந்தது. அந்த ஒரு ஆளைப் பற்றிக் கேட்டதும் பீடி சுற்றுகிற கை நின்றது.

“நாங்க வேலைய விட்டு வந்துட்டோம். மிச்சம் இருந்தவங்க அவகிட்ட பேச மாட்டாங்க. வேன்ல அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. கடைசி சீட்டுல ஜன்னல் ஓரமா தனியாத்தான் வருவாளாம். நான்தான் எல்லாருக்கும் போன் பண்ணி சொன்னேன், அவகிட்ட பேசாதீங்கன்னு” என்றாள். பிறகு மறுபடி பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

இறந்தவளின் வீட்டுக்கு பாயும் வருகிறேன் என்று பிடிவாதமாக நின்றார். நான் வேண்டாம் என்றேன். அடிப்பார்கள் என்று பயம். அடிக்கட்டும் என்றார். என் பைக்கில் போனோம்.

கணவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு வார விடுமுறை. கவர்மென்ட் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. சுவரில் அவள் படம், பிளாஸ்டிக் மாலை. எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். குரோமியத் தண்ணீரில் ஊறி ஊறி நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. பாய் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். செய்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை, சிம் கார்டு மிரட்டலைக்கூடத் தனக்கு ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

கணவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என் பேரா?”

“ஆமாம்பா. உங்க பேருலதான் இருந்துச்சு.”

“அப்ப அவ பேரு இருந்திருந்தா, அவளயும் கேட்லயே நிறுத்தியிருப்பாங்க. ஊட்டுக்கு வந்திருப்பா.”

பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது விசில் அடித்து ஓய்ந்தது. அவர் எழுந்து போய் மனைவியின் படத்திலிருந்த தூசியைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

வயிற்று வலி என்று போலீசில் சொன்னது யார் என்று நான் கேட்டேன். தான்தான் என்றார். அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வந்து தோளில் கை போட்டு, கம்பெனி, வேலை, சண்டை என்று ஏதாவது சொன்னால் உடம்பை வாங்கவே நாள் கணக்கில் அலைய வேண்டும், வயிற்று வலி என்று சொல்லிவிடு, சாயந்திரமே கொடுத்துவிடுவார்கள் என்றாராம். குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தாராம். அவர் யார் என்று கேட்டதற்கு, “தெரியல சார். வாத்தியார் மாதிரி இருந்தாரு. பாக்கெட்ல ரெண்டு பேனா வச்சிருந்தாரு” என்றார்.

கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார்.

“சார், இது பேப்பர்ல வருமா? அந்த ஆளு பேரெல்லாம் போட வேணாம். கம்பெனி பேரும் வேணாம். அவ காட்டிக் குடுக்கலன்னு மட்டும் போட்டா போதும். நான் வாங்கி எடுத்துட்டுப் போய் ஊடு ஊடா காட்டுவேன்.”

வரும் என்றேன். அப்போது அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

அதை எழுத எனக்கு நான்கைந்து நாள் ஆயிற்று. அதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது அதுதான். வேலூர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், வேறு யாருக்கும் காட்டவில்லை. மறுநாள் பேப்பரில் அது இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார். முதலில் ஆதாரம் பற்றிப் பேசினார். தான் செய்த குற்றத்தைத் தானே சொல்கிற ஒருவனின் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது என்றார். வேலையிழந்த பெண் சொல்கிறாள், கணவர் சொல்கிறார் என்றேன்.

“தம்பி, நீ எழுதினது நெஜம்னு எனக்குத் தெரியும். ஆனா இத போட்டா, நாளைலருந்து எனக்குக் கிரைம் செய்தி யாரு குடுப்பா?” என்றார்.

நான் எழுந்து ஆம்பூருக்குத் திரும்பிவிட்டேன்.

வேறு பத்திரிகைகளில் இருந்த நண்பர்களிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். சென்னையில் ஒரு தொலைக்காட்சியில் இருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காட்சி ஏதாவது இருக்கிறதா என்றார். போனைப் பார்த்து ஒருவர் படம் எடுப்பதற்கு என்ன காட்சி இருக்கும்? கடைசியில் பாயே நிருபர்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார். வேலூரில் ஒரு லாட்ஜின் சின்ன ஹாலில் ஏற்பாடு செய்தோம். கணவரையும் மாதனூர்ப் பெண்ணையும் கூப்பிட வேண்டாம், என் தவறை நான் மட்டும் சொல்கிறேன் என்று பாய் சொல்லிவிட்டார்.

நிருபர்கள் நிறையவே வந்தார்கள். மைக்குகள் மேசையில் வரிசையாக நின்றன. பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அதிகாரியின் பெயரையும் பதவியையும் சொன்னார், தான் செய்ததைச் சொன்னார், தன்மேல் வழக்கு போடும்படி கேட்டுக்கொண்டார். பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், “உங்க மேல சிம் கார்டு விஷயமா ஏதோ விசாரணை இருக்காமே?” என்று கேட்டார். அந்தச் சிம் விஷயத்தை பாய் அதுவரை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். கேட்டவர் அதை எங்கிருந்து கேட்டிருப்பார் என்று அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சமோசா வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆம்பூர் பேருந்து நிலையக் கடையில் எல்லாப் பத்திரிகையும் வாங்கிப் புரட்டினேன். பேரணாம்பட்டு மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் என்று பாதிப் பக்கத்துக்குச் செய்தி. சிறுத்தையை யாரும் பார்க்கவில்லை, கால்தடம் மாதிரி ஒன்றின் படம் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டம் இருந்தது. பாயைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எதிராகவாவது எழுதியிருக்கலாம். பொய் சொல்கிறார் என்றாவது எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் என்ன சொன்னார் என்றும் எழுத வேண்டிவரும். பாய் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று முழுவதும் போலீஸ் ஜீப்புக்குக் காத்திருந்தார். வரவில்லை. யாரும் வந்து மிரட்டக்கூட இல்லை. அதுதான் அவரை அதிகமாகப் படுத்தியது.

இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலை ஓரத்தில் நான் வழக்கமாகப் போகிற டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் நான்கு மணி இருக்கும். அதிகாரி வந்து என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ சொன்னார். சர்க்கரை கம்மியாக என்றார். அப்புறம் மெல்லிய குரலில்,

“நல்லா எழுதியிருந்தீங்க தம்பி” என்றார்.

எதை என்று கேட்டேன்.

“அதான், அந்தக் கட்டுரை. வேன்ல கடைசி சீட்டுல தனியா வந்தான்னு எழுதினீங்களே, அந்த எடம். எனக்கே மனசு ஒரு மாதிரி ஆய்டுச்சு. மாதனூருக்கு மட்டும் தப்பா தூரம் போட்டிருக்கீங்க. அது அவ்ளோ ஜாஸ்தி இல்ல.”

அவர் கிண்டல் செய்யவில்லை. மிரட்டவும் இல்லை. படித்த ஒருவர் எழுதிய ஒருவரைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அம்மாவுக்கு அடுத்த மாதம் செக்கப் இருக்கிறதல்லவா, ஆஸ்பத்திரியில் நான் சொல்லி வைக்கிறேன் என்று என் முழங்காலில் தட்டிவிட்டுப் போனார். அந்தச் செய்தி முழுவதுமாக ஒரு வாசகரைச் சென்றடைந்துவிட்டது. ரசித்துப் படித்து, பிழை திருத்தமும் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் யார் அதை அவருக்கு அனுப்பினார்கள், அல்லது யாரும் அனுப்பாமலேயே அவருக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் நான் எதை எழுத உட்கார்ந்தாலும், சர்க்கரை கம்மியான டீயைக் குடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். கோயில் திருவிழாச் செய்தி எழுதினாலும் இருக்கும். இப்போது இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவை அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எங்களை வரிசையில் நிறுத்தாமல் உள்ளே அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது.

பாய் வேறு வழி கண்டுபிடித்தார். கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, வேலையிழந்த பெண்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தார். பஸ்ஸில் போவார், இறங்கி விசாரித்து நடப்பார். வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் அந்தப் பெண் திருமணமாகி ஓசூர் போய்விட்டிருந்தாள், அவள் அம்மாவிடம் சொன்னார். மாதனூர்ப் பெண்ணிடம் அவளுடைய போன்தான் என்று சொன்னபோது, அவள் நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். “அவ ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் சார்” என்றார் என்னிடம். அந்த வருடக் கடைசியில் கடையை விற்றுவிட்டு குடியாத்தத்தில் மனைவியின் சொந்தக்காரர்களோடு போய்ச் சேர்ந்தார். இப்போது அங்கே லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவரிடம் வேலை பார்க்கிறார். கையில் செல்போன் வைத்துக்கொள்வதில்லை.

அவள் இறந்து வருடம் திரும்பிய அன்று, அந்தப் பெண்களில் ஏழெட்டுப் பேர் அவள் வீட்டுக்குப் போனார்கள். கூட்டிக்கொண்டு போனவள் மாதனூர்ப் பெண். எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், நானும் போயிருந்தேன். வீட்டில் இடம் போதாமல் வாசலில் உட்கார்ந்தார்கள். பூ வாங்கி வந்திருந்தார்கள். மாதனூர்ப் பெண் மட்டும் உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தெரியாமல் செய்துவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவர் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் டீ கொடுத்தார். அவர்கள் கிளம்பும்போது, “இங்க வந்து சொல்றீங்க. நல்லதுதான். அந்த வேன்ல யாராவது சொல்லணும்” என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்திகூட இப்போது அந்த வேனில் ஏற முடியாது.

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரில் வருமா என்று அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அதிகாரிக்குப் பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. பிரிவுபசார விழாவை நிருபர்கள் சேர்ந்து நடத்தினார்கள். சால்வை போர்த்திய படம் எங்கள் பத்திரிகையில் நான்கு பத்தி அகலத்துக்கு வந்தது. நான் அதற்கு முந்தைய மாதமே நிருபர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாணியம்பாடியில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற வேலையில் சேர்ந்திருந்தேன். தமிழிலும் உருதுவிலும் அடிக்கிறோம். பெயர்களைப் பிழையில்லாமல் போட வேண்டும் என்பதைத் தவிர அங்கே கவலை இல்லை.

போன வருடம் என் மனைவியின் தங்கை அதே ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர்கள் வீடு பேரணாம்பட்டு சாலையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கம்பெனிக் கதைகள் சொன்னாள்.

“எங்க வேன்ல கடைசி சீட்டு, ஜன்னல் பக்கம் யாருமே உக்கார மாட்டாங்க மாமா. நின்னுட்டுக்கூட வருவாங்க. முன்ன ஒருத்தி, கூட வேலை செஞ்சவங்கள காட்டிக் குடுத்துட்டு செத்துப் போய்ட்டாளாம். தெரியாம அங்க உக்காந்தா காதுகிட்ட வந்து பேசுவாளாம்.”

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து, எல்லோருடைய போனையும் வாங்கி மாடியில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். என் மனைவிக்கே அதில் பாதி தெரியாது. முடித்ததும் தங்கை கேட்டாள்.

“அப்ப ஏன் மாமா யாருமே எழுதல?”

எழுதினேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தாள். வேனில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னாள். சிலர் கேட்டார்கள், சிலர் அதெல்லாம் கட்டுக்கதை, பேப்பரிலேயே வயிற்று வலி என்றுதான் வந்தது என்றார்கள். அப்படியானால் நான் உட்காருகிறேன் என்று அந்தக் கடைசி சீட்டில் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். வாரம் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்து போனாளாம். ஏதாவது காதில் கேட்டதா என்று என் மனைவி விளையாட்டாகக் கேட்டாள்.

டிரைவர் போட்ட பாட்டுதான் கேட்டது என்றாள் தங்கை. கொஞ்சம் பொறுத்து, தன் பக்கத்து சீட்டு மட்டும் தினமும் ஆம்பூரில் கம்பெனி கேட் வரைக்கும் காலியாகவே வந்தது என்றாள்.